இடுப்பில் தெரியும் துவக்கும் அதைப் பார்ப்பவரும்

அமெரிக்காவில் சிலர் ஏன் துவக்கைப் பிறர் காணும்படி அணிந்துகொண்டு கடைக்கும் உணவகத்துக்கும் போகிறார்கள்? இந்தக் கேள்விக்கு இதுவரை பெரும்பாலும் சட்டத்தரணிகளும் அரசியல் ஆய்வாளர்களுமே பதில் சொல்லி வந்திருக்கிறார்கள். ஓர் இலக்கியச் சஞ்சிகையில் இதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என வாசகர்கள் கேட்கக்கூடும். நிறையவே இருக்கிறது என்பது என் எண்ணம். சட்டைக்குள் மறைத்து வைத்த துவக்கு வெறும் கருவி. வெளியே தெரியும் துவக்கோ கருவியாக இருக்கும்போதே ஒரு கூற்றாகவும் ஆகிவிடுகிறது. தன்னை யாரேனும் பார்க்க வேண்டும், பார்த்து ஒரு பொருளை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே அது வெளியே இருக்கிறது. வாசிக்கப்படுவதற்காக ஒன்று முன்வைக்கப்படுமானால் அதை ஒரு பிரதியாகக் கொண்டு விமர்சிக்கலாம். அதன் ஆசிரியர் யார், வாசகர் யார், எந்தக் கதை மரபிலிருந்து அது பொருள் பெறுகிறது என்ற கேள்விகளையே இக்கட்டுரையில் எழுப்ப விரும்புகிறேன்.

முதலில் அணிபவர்கள் சொல்லும் காரணங்களைக் கேட்டுவிடுவோம். துவக்கைக் கண்டால் திருடன் விலகிப் போவான் என்பது முதலாவது. பயன்படுத்தாத உரிமை நாளடைவில் பறிபோகும், ஆகவே மக்களின் கண்ணைப் பழக்க வேண்டும் என்பது இரண்டாவது. கோடையில் மேலங்கி போட்டு மறைப்பது சிரமம், அவசரத்தில் உருவி எடுப்பதற்கு வெளியே இருப்பதுதான் வசதி என்று நடைமுறைக் காரணம் சொல்பவர்களும் இருக்கிறார்கள். நான் ஒளிக்க ஏதுமில்லாத நல்ல பிரசை என்பதை ஊருக்குக் காட்டுகிறேன் என்பது இன்னொரு காரணம். இவற்றை எள்ளி நகையாடிவிட்டுப் போவது சுலபம். சமூகவியலாளர் ஜெனிபர் கார்ல்சன் அப்படிச் செய்யவில்லை. 2015இல் வெளிவந்த 'சிட்டிசன் புரொடெக்டர்ஸ்' என்ற நூலுக்காக அவர் மிச்சிகன் மாநிலத்தில் துவக்கு அணிபவர்களோடு பழகினார். பயிற்சி வகுப்புகளுக்குப் போனார். தானும் துவக்கு அணிந்து பார்த்தார். கார்த் தொழிற்சாலைகள் மூடப்பட்டு, நகரசபைகள் கடனில் மூழ்கி, பொலிஸாரின் தொகை குறைந்துபோன ஊர்கள் அவை. உழைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றுபவன் என்ற ஆணின் இடம் சரிந்தபோது, ஆபத்திலிருந்து காப்பவன் என்ற இடம் அந்த வெற்றிடத்தை நிரப்பியது என்பது அவரது வாதம். துவக்கு அங்கே குற்றவாளிக்கான பதில் மாத்திரமன்று. தன் பெறுமதி போய்விட்டது என்று அஞ்சும் ஒருவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சமாதானமும்கூட.

இந்நூலை நான் மதிக்கிறேன். கறுப்பின ஆண்களையும் அவர் பேச விட்டிருக்கிறார். பொலிஸார் அவர்களை வேறு விதமாக நடத்துவதையும் பதிவு செய்திருக்கிறார். ஆயினும் நூலின் மையம் அணிபவரின் மனமே. உணவகத்தில் பக்கத்து மேசையில் இருந்தவர் என்ன உணர்ந்தார், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்ற தாய் உள்ளே போனாளா திரும்பிப் போனாளா என்பது அந்த மையத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது. ஒரு கூற்றைப் பற்றிய ஆய்வில் கேட்பவர் ஓரத்தில் நிற்பது குறைதான்.

துவக்குப் பிரியர்கள் எல்லோரும் ஒரே கட்சியினர் அல்லர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அவர்களில் பலர் மறைத்து வைப்பதையே விரும்புகிறார்கள். வெளியே தெரிந்தால் தாக்க வருபவன் முதலில் உன்னைத்தான் சுடுவான், அல்லது பின்னால் வந்து பறித்துக்கொள்வான் என்பது அவர்களின் வாதம். 2014இல் டெக்ஸாஸில் சிலர் நீண்ட ரைபிள்களைத் தோளில் மாட்டிக்கொண்டு உணவகங்களுக்குள் கூட்டமாகப் போனபோது, தேசிய ரைபிள் சங்கத்தின் பக்கத்திலிருந்தே இது விசித்திரமான செயல் என்று ஒரு கண்டனம் வந்தது. சில நாட்களுக்குள் அது ஓர் ஊழியரின் சொந்தக் கருத்து என்று சொல்லி அச்சங்கம் பின்வாங்கியது. அந்த ஊர்வலங்களின் பின்னணியும் சுவாரசியமானது. டெக்ஸாஸில் அப்போது ரைபிளைப் பகிரங்கமாகக் கொண்டு செல்லத் தடையில்லை. கைத்துப்பாக்கியைப் பகிரங்கமாக அணியத்தான் தடை. சிறியதை அணியும் அனுமதி கேட்டு அவர்கள் பெரியதைத் தூக்கி வந்தார்கள். 2016 ஜனவரி 1 முதல் உரிமம் உள்ளவர்கள் கைத்துப்பாக்கியை வெளியே அணியலாம் என்றானது. 2021 செப்டெம்பரிலிருந்து பெரும்பாலானோருக்கு அந்த உரிமமும் தேவையில்லை.

2

டெக்ஸாஸ் என்றதும் நம் மனக்கண்ணில் என்ன வருகிறது? தொப்பி, குதிரை, இடுப்பில் தாழ்வாகத் தொங்கும் துவக்கு. அந்த டெக்ஸாஸ் 1871இலேயே கைத்துப்பாக்கி கொண்டு திரிவதைத் தடை செய்த மாநிலம் என்பது பலரை வியப்பில் ஆழ்த்தும். கன்சாஸ் மாநிலத்தின் டொட்ஜ் நகரத்தில் 1870களின் இறுதியில் எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது. தெருவின் நடுவே ஓர் அறிவிப்புப் பலகை. துவக்குக் கொண்டு செல்வது முற்றாகத் தடை என்கிறது அது. மாட்டு மந்தைகளை ஓட்டி வருபவர்கள் ஊர் எல்லையில் ஆயுதத்தைக் கையளித்துவிட்டுத்தான் மதுச்சாலைக்குப் போக வேண்டும். வரலாற்றாசிரியர் ரொபர்ட் டைக்ஸ்ரா அவ்வாறான ஐந்து கன்சாஸ் நகரங்களை ஆராய்ந்து, 1870க்கும் 1885க்கும் இடையில் அவற்றில் நடந்த கொலைகளை எண்ணினார். ஐந்திலுமாகச் சேர்த்து 45. ஒரே திரைப்படத்தில் அதில் பாதியைக் கண்டவர்கள் நாம்.

அரிசோனாவின் டூம்ஸ்ரோன் நகரத்தின் கதையும் இத்தகையதே. 1881 ஒக்டோபர் 26ஆம் திகதி நடந்த பிரசித்தி பெற்ற மோதல், நகரத்தின் ஆயுதத் தடையை நடைமுறைப்படுத்தப் போன இடத்தில் வெடித்தது. சுமார் அரை நிமிடம். மூன்று பேர் இறந்தார்கள். அது பின்னர் ஜோன் போர்டின் 'மை டார்லிங் கிளமென்டைன்' (1946) முதலாகப் பல படங்களாயிற்று. அவற்றில் வீரம் இருக்கிறது, பழிவாங்கல் இருக்கிறது. நகரசபையின் ஆயுதத் தடைக்கு உரிய இடம் இல்லை.

ஆக, இடுப்பில் துவக்குத் தெரிய நடக்கும் மனிதன் வரலாற்றிலிருந்து வந்ததைவிடக் கதையிலிருந்தே அதிகம் வந்தவன். பத்துச் சதத்துக்கு விற்ற மலிவு நாவல்கள், 1883இல் தொடங்கிய பஃபலோ பில்லின் களியாட்டக் காட்சி, அதன் பின் ஹொலிவூட் என்ற வரிசையில் அவன் உருவானான். எமக்கு அவன் வந்து சேர்ந்த வழி இன்னும் சுற்றானது. சிவகாசியிலிருந்து வந்த முத்து, லயன் காமிக்ஸ் புத்தகங்களில் டெக்ஸ் வில்லரையும் கேப்டன் டைகரையும் கைமாற்றி வாசித்த தலைமுறை என்னுடையது. முன்னவர் இத்தாலியக் கலைஞர்களின் படைப்பு. பின்னவர் பிரெஞ்சுச் சித்திரக்கதை. கர்ணனின் இயக்கத்தில் வந்த 'கங்கா' (1972) போன்ற தமிழ்ப் படங்கள் அந்தத் தொப்பியையும் குதிரையையும் எங்கள் மொழிக்கே கொண்டு வந்தன. அமெரிக்கனே தன் பழைய மேற்கைக் கதையில்தான் கண்டான் என்றால், நாங்கள் கண்டது கதையின் கதையை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கத் தென்மாநிலங்கள் பல, மறைத்து வைப்பதைத்தான் முதலில் தடை செய்தன. கென்டக்கியும் லூசியானாவும் 1813இலேயே அவ்வாறு சட்டமியற்றின. மறைப்பவன் கோழை, சதிகாரன். வெளியே அணிபவன் கண்ணியவான் என்பது அக்கால நியாயம். 1850இல் லூசியானா நீதிமன்றம் ஒன்று ஏறத்தாழ இதே தொனியில் தீர்ப்பெழுதியது. இன்று பகிரங்கமாக அணிபவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் 'ஒளிக்க ஏதுமில்லாதவன்' என்ற வாக்கியம் அங்கிருந்து வருகிறது. ஆனால் அந்தக் கண்ணியம் யாருக்கு வழங்கப்பட்டிருந்தது? அதே தென்மாநிலங்களில் அடிமைகள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டங்கள் இருந்தன. வெளியே தெரியும் துவக்கு தொடக்கத்திலிருந்தே சுதந்திரமான வெள்ளை ஆணின் கையெழுத்தாகவே இருந்திருக்கிறது.

3

துவக்கைப் புகழ்ந்த அதே திரை மரபு அதை ஐயத்தோடு பார்த்த படங்களையும் தந்திருக்கிறது. அவற்றில் இரண்டை மாத்திரம் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது ஜோன் போர்டின் 'த மேன் ஹூ ஷொட் லிபர்ட்டி வேலன்ஸ்' (1962). சட்டப் புத்தகங்களோடு மேற்குக்கு வரும் இளம் சட்டத்தரணி ஸ்டொடார்ட்டை (ஜேம்ஸ் ஸ்டுவர்ட்) லிபர்ட்டி வேலன்ஸ் என்ற கொள்ளையன் சவுக்கால் அடித்து வீழ்த்துகிறான். இங்கே புத்தகம் உதவாது, துவக்குத்தான் உதவும் என்கிறார் டொம் டொனிபன் (ஜோன் வெய்ன்). இறுதியில் ஸ்டொடார்ட் கொள்ளையனை நேருக்கு நேர் சந்திக்கிறார், கொள்ளையன் விழுகிறான். அந்தப் புகழ் அவரைச் செனட்டர் ஆக்குகிறது. உண்மையில் சுட்டவர் இருளில் ஒதுங்கி நின்ற டொனிபன். எல்லோரும் பார்த்த துவக்கு கொல்லவில்லை. கொன்றதோ யாரும் பார்க்காத துவக்கு. ஊர் நம்பியது பார்த்ததை. பல ஆண்டுகளின் பின் ஸ்டொடார்ட் உண்மையைச் சொன்னபோதும் பத்திரிகை ஆசிரியர் அதை அச்சிட மறுத்துவிடுகிறார்.

இப்படத்தில் என்னைத் தொந்தரவு செய்யும் மனிதர் பொம்பே. டொனிபனின் கறுப்பினப் பணியாள். வூடி ஸ்ரோட் நடித்தது. அந்த இருளில் டொனிபனுக்கு ரைபிளை எறிந்து கொடுப்பவர் அவரே. கையில் ரைபிள் இருந்தும் அது அவருடையதாக ஒருபோதும் ஆவதில்லை. மதுச்சாலையில் அவருக்குப் பானம் கொடுக்க மறுக்கிறார்கள். வகுப்பறையில் சுதந்திரப் பிரகடனத்தைச் சொல்ல எழும் அவர், மனிதர் யாவரும் சமம் என்ற இடத்தில்தான் மறந்து தடுமாறுகிறார். துவக்கு அணிந்த குடிமகன் என்ற படிமத்துக்குள் யாருக்கு இடமில்லை என்பதைப் போர்ட் ஓரத்தில் நின்ற இந்த மனிதரைக் கொண்டே காட்டிவிட்டார். படத்தின் தொடக்கத்தில் டொனிபன் பெட்டியில் கிடக்கிறார். இடுப்பு வார் எங்கே என்று செனட்டர் கேட்க, அவர் பல வருடங்களாகத் துவக்கு அணிவதில்லை என்று பதில் வருகிறது. துவக்குத்தான் வழி என்று சொன்னவர், அதைக் கழற்றி வைத்த பிறகு எப்படி வாழ்ந்தார் என்பதைப் படம் சொல்லவில்லை. அந்த மௌனமே படத்தின் மிகக் கனமான பகுதி என்பேன்.

இரண்டாவது கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் 'அன்போர்கிவன்' (1992). இதில் ஊருக்குள் துவக்குத் தடை இருக்கிறது. அந்த வகையில் இது வரலாற்றுக்கு நெருங்கிய படம். ஆனால் தடையை நிறைவேற்றும் ஷெரீப் லிட்டில் பில் (ஜீன் ஹக்மன்) ஒரு கொடூரன். துவக்கைக் கையளிக்காத ஆங்கிலேயனை ஊர் பார்த்திருக்க உதைத்து நொறுக்குகிறார். அந்த ஆங்கிலேயனின் சாகசங்களை நூலாக எழுதியவன் பக்கத்தில் நடுங்கி நிற்கிறான். பின்னர் அதே எழுத்தாளன் ஷெரீப்பின் காலடியில் இருந்து அவரது கதையைக் குறிப்பெடுக்கத் தொடங்குகிறான். துவக்கு யாரிடம் மாறுகிறதோ பேனாவும் அங்கே மாறுகிறது! எழுதுபவர்கள் இந்தக் காட்சியைச் சிரித்துக் கடந்துவிட முடியாது. இறுதியில் கறுப்பினத் தோழர் நெட்டின் (மோர்கன் ஃப்ரீமன்) உடல் மதுச்சாலை வாசலில், எழுத்துப் பலகையோடு, எல்லோரும் பார்க்க நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. பகிரங்கமாகக் காட்டப்படுவது துவக்காகவும் இருக்கலாம், பிரேதமாகவும் இருக்கலாம், செய்தி ஒன்றுதான். ஆயுதத்தைப் பறித்த சட்டமும் நியாயமாக இருக்கவில்லை என்று காட்டியதால் இப்படம் எந்தக் கட்சிக்கும் பிரசாரமாகப் பயன்படாது.

4

பொம்பேயிடமிருந்து நிஜ வாழ்வுக்கு வருவோம். 1966இல் கலிபோர்னியாவின் ஒக்லண்ட் நகரத்தில் ஹியூயி நியூட்டனும் பொபி சீலும் கரும் சிறுத்தைகள் கட்சியைத் தொடங்கினார்கள். அன்றைய கலிபோர்னியாச் சட்டம், வெளியே தெரியும்படி துவக்கு வைத்திருப்பதை அனுமதித்தது. கறுப்பினத்தவர்களைப் பொலிஸார் மறிக்கும் இடங்களுக்குத் துவக்குகளோடும் சட்டப் புத்தகத்தோடும் போய், சட்டப்படியான தூரத்தில் நின்று அவதானித்தார்கள் இவர்கள். உடனே தடைச் சட்டமூலம் ஒன்று வந்தது. அதை எதிர்த்து 1967 மே 2ஆம் திகதி சுமார் 30 பேர், பலர் ஆயுதங்களோடு, சக்ரமென்டோவின் சட்டமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். மூன்று மாதம் முடியுமுன் மல்ஃபர்ட் சட்டம் கையொப்பமாகி, தோட்டா நிரப்பிய துவக்கைப் பொதுவெளியில் கொண்டு செல்வது மாநிலம் முழுவதும் குற்றமாயிற்று. கையொப்பமிட்ட ஆளுநர் ரொனல்ட் ரீகன்; திரையில் இடுப்பில் துவக்கோடு நடந்த அதே நடிகர்.

53 வருடங்களின் பின், 2020 ஏப்ரல் 30ஆம் திகதி, மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங் நகரத்தில் கொவிட் முடக்கத்தை எதிர்த்து வந்தவர்களில் சிலர் ரைபிள்களோடு சட்டமன்றப் பார்வையாளர் மாடத்தில் நின்றார்கள். கீழே சில உறுப்பினர்கள் குண்டு துளைக்காத அங்கி அணிந்திருந்தார்கள். அக்கட்டடத்துக்குள் பகிரங்கமாகத் துவக்கு அணிவதற்கான தடை, வொஷிங்டனில் நாடாளுமன்றம் தாக்கப்பட்ட பின்னர், 2021 ஜனவரியில்தான் வந்தது. அதுவும் அந்தக் கட்டடத்துக்கு மாத்திரம்.

ஒஹையோ பகிரங்கமாகத் துவக்கு அணிவதை அனுமதிக்கும் மாநிலம். 2014 ஓகஸ்ட் 5ஆம் திகதி அங்கே ஓர் அங்காடியில், விற்பனைக்கு வைத்திருந்த காற்றுத் துவக்கு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, தொலைபேசியில் பேசியபடி நடந்த 22 வயதுக் கறுப்பின இளைஞரைப் பொலிஸார் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர்மீது குற்றம் சாட்ட நடுவர் குழு மறுத்தது. 2016 ஜூலை 7ஆம் திகதி டலஸ் நகரத்தில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் ஒருவன் மறைந்திருந்து ஐந்து பொலிஸாரைக் கொன்றான். ஊர்வலத்தில் சட்டப்படி ரைபிள் கொண்டு வந்திருந்த ஒரு கறுப்பினத்தவரின் படத்தைச் சந்தேக நபர் என்று பொலிஸார் பரப்பினார்கள். அவர் தானே போய்த் துவக்கைக் கையளித்துத் தன் நிரபராதித்துவத்தை விளக்க வேண்டியிருந்தது. சூடு நடக்கும் வேளையில், ரைபிள் தூக்கியவர்களில் நல்லவர் யார், கெட்டவர் யார் என்று பிரித்தறிய முடியவில்லை என அந்நகரப் பொலிஸ் தலைவரே பின்னர் முறையிட்டார்.

இவற்றிலிருந்து நான் பெறும் முடிவு இதுதான். அமெரிக்கச் சட்டம் தருவது துவக்கை அணியும் உரிமை. அதைப் பயனுள்ளதாக்குவது வேறோர் உரிமை: நல்லவன் என்று வாசிக்கப்படும் உரிமை. அது எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. கதைகள் அதை வழங்கின. யாருக்கு வழங்கினவோ அவர்களுக்கு மாத்திரமே அது செல்லுபடியாகிறது. ஆகவேதான் சிலர் ஏன் பகிரங்கமாக அணிகிறார்கள் என்ற கேள்விக்கு, அணிந்தாலும் தாம் நல்லவராகவே பார்க்கப்படுவோம் என்ற நிச்சயம் அவர்களுக்கு இருக்கிறது என்பதையும் பதிலாகச் சேர்க்க வேண்டும்.

எம் வாசகர்கள் பலருக்குப் பழக்கமான புகைப்படம் ஒன்று இதைத் தெளிவாக்கும். 1964இல் டொன் ஹோகன் சார்ள்ஸ் எடுத்த மல்கம் எக்ஸின் படம். சூட் அணிந்து, கழுத்துப்பட்டி கட்டி, ஒரு கையில் கார்பைன் துவக்கோடு யன்னல் திரையை விலக்கி வெளியே பார்க்கிறார். இதைப் பலர் போர்க்குணத்தின் குறியீடாக்கிச் சுவரொட்டியில் அச்சிட்டார்கள். ஆனால் அவர் தெருவில் நிற்கவில்லை. தன் வீட்டுக்குள் நிற்கிறார். துவக்கைவிடக் கண்களே அங்கே அதிகம் வேலை செய்கின்றன. கொலை மிரட்டலுக்குள் வாழ்ந்த ஒரு தந்தை அவர். 1965 பெப்ரவரி 14ஆம் திகதி அந்த வீடு எரிகுண்டால் தாக்கப்பட்டது. ஒரு வாரத்தில் அவர் கொல்லப்பட்டார். அச்சமூட்டுபவராகப் பிரசித்தமான படத்தில் உண்மையில் இருப்பவர் அச்சத்துக்குள்ளானவர்.

5

இதற்கு நேர்மாறான காட்சி 2015 நவம்பரில் டெக்ஸாஸின் ஏர்விங் நகரப் பள்ளிவாசலின் முன்னால் நடந்தது. பாரிஸ் தாக்குதல்கள் நடந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சுமார் ஒரு டசின் பேர் நீண்ட துவக்குகளோடு வந்து எதிர்ப்புக் காட்டினார்கள். சிலர் முகத்தை மூடியிருந்தார்கள். துவக்கு எதற்கு என்று கேட்ட பத்திரிகையாளரிடம் அவர்களுக்காகப் பேசியவர் தற்பாதுகாப்பு என்றார். பலத்தைக் காட்டவும்தான் என்றும் சேர்த்துக்கொண்டார். இந்த இரண்டாவது வாக்கியத்தின் நேர்மையை நான் பாராட்டுகிறேன். அங்கே முகம் மறைந்திருக்கிறது, துவக்கு தெரிகிறது. ஒளிக்க ஏதுமில்லாத கண்ணியவான் என்ற பழைய வாதம் தலைகீழாகிவிட்டது. 2017 ஓகஸ்டில் ஷார்லட்ஸ்வில் நகரத்தில் யூத வணக்கத்தலத்துக்கு எதிரே ரைபிள்களோடு சிலர் நின்றபோது, உள்ளே வழிபட்டவர்கள் பின்வாசலால் வெளியேறினார்கள். யாரும் சுடவில்லை. சட்டம் எதுவும் மீறப்பட்டதாகவும் சொல்ல முடியாது. ஆயினும் ஒரு செய்தி சொல்லப்பட்டது, அது விளங்கிக்கொள்ளவும் பட்டது.

இந்த உரிமைக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 1791இல் ஏற்கப்பட்ட அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம். ஆங்கிலத்தில் 27 சொற்கள். முற்பகுதி ஒழுங்கமைந்த குடிப்படையைப் பேசுகிறது. பிற்பகுதி ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமையை. முற்பகுதி பிற்பகுதியைக் கட்டுப்படுத்துகிறதா, வெறும் முன்னுரையா என்பதில் ஒரு தேசமே பிரிந்து கிடக்கிறது. 2008இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தனிமனித உரிமை என்று தீர்த்தது. 2022இல் வீட்டுக்கு வெளியேயும் அவ்வுரிமை உண்டு என்றது. வசனம் ஒன்றை அது இறங்கிய சந்தர்ப்பத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டும் என்று பழகிய எமக்கு இந்தச் சச்சரவு அந்நியமானதன்று. பள்ளியிலோ சந்தையிலோ அம்போடு செல்பவர் அதன் முனையைக் கையால் பொத்திக்கொள்ளட்டும் என்ற நபிமொழியும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. அம்பு வைத்திருப்பது அங்கே தடுக்கப்படவில்லை. ஆனால் சிந்தனை முழுவதும் எதிரே வருபவரின் உடலைப் பற்றியது. அணிபவரின் உரிமையிலிருந்து தொடங்கும் வாசிப்புக்கும், எதிரே வருபவரின் தோலிலிருந்து தொடங்கும் வாசிப்புக்கும் இடையிலான தூரம் பெரியது.

6

தூரத்து நாட்டைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு எமது எழுத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 2009 வரை நீடித்த யுத்தத்தில் பகிரங்கமாகத் தூக்கப்பட்ட துவக்கை நாங்கள் வேண்டிய மட்டும் பார்த்தோம். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைக் கொன்ற துவக்கையும், அதே வருடம் ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை வீட்டிலிருந்து இறக்கிவிட்ட துவக்கையும் எமது கவிதைகளும் கதைகளும் எழுதியிருக்கின்றன. அங்கே நாங்கள் துவக்கைப் பார்த்தவர்கள். அந்த எழுத்தின் வலிமையும் அதிலிருந்தே வருகிறது.

ஆனால் கிழக்கில் வேறொரு துவக்கும் இருந்தது. அரசாங்கம் ஊர்காவல் படைகளை அமைத்து, எம் ஊர்களின் இளைஞர்களுக்கும் ஆயுதம் கொடுத்தது. ஊரின் எல்லையில், சந்தியில், பள்ளி வாசலில் அவர்கள் காவல் நின்றார்கள். தொழில் இழந்த, உறவுகளை இழந்த, அச்சத்தில் உறைந்த ஊர்களின் பிள்ளைகள் அவர்கள். கார்ல்சனின் மிச்சிகன் ஆண்களுக்கு இருந்ததைவிட நூறு மடங்கு நியாயமான பயம் அவர்களுக்கு இருந்தது. அதேநேரம், அயல் தமிழ்க் கிராமங்களில் நடந்த சில தாக்குதல்களில் ஊர்காவல் படையினருக்குப் பங்கிருந்ததை மனித உரிமை அறிக்கைகள் பதிவு செய்திருக்கின்றன. அந்தச் சந்தியால் சைக்கிளில் வந்த தமிழ்ப் பெண் எங்கள் பிள்ளையின் தோளில் தொங்கிய துவக்கைக் கண்டு என்ன வாசித்தாள்? எங்களுக்கு அது காவல். அவளுக்கு?

எமது சிறுகதைகளில் இந்தப் பெண்ணை நான் மிக அரிதாகவே சந்தித்திருக்கிறேன். துவக்குத் தாங்கிய எம் பிள்ளையையும் அவ்வளவாகச் சந்திக்கவில்லை. அவன் அந்த ஆயுதத்தைக் கையளித்துவிட்டு வீடு வந்த பிறகு என்ன ஆனான் என்று யார் எழுதினார்கள்? போர்ட்டின் படத்தில் டொனிபனைச் சுற்றி இருக்கும் அதே மௌனம் அவனைச் சுற்றியும் இருக்கிறது. இதை எழுதினால் எமது துயரத்தின் நியாயம் குறைந்துவிடும் என்று சிலர் அஞ்சுவதை நான் அறிவேன். நான் அவ்வாறு கருதவில்லை. ஏர்விங்கில் பள்ளிவாசலுக்குள் இருந்து வெளியே பார்த்தவரின் கண்ணை எமக்கு உடனே விளங்கிக்கொள்ள முடிகிறது, ஏனெனில் நாங்கள் அங்கே இருந்திருக்கிறோம். அந்தக் கண்ணை அடுத்த ஊர்க்காரிக்கும் கொடுத்துப் பார்க்க ஒரு கதைக்காரரால் முடியும். இச்சஞ்சிகையின் வரும் இதழ்களில் அப்படியொரு கதையை வாசிக்கக் கிடைத்தால் மகிழ்வேன்.